மாரிக்காலக் கரையும் மகளின் தூண்டிலும்

கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்து, கடற்காற்றையே சுவாசித்து வளர்ந்தும், கடலை அறியாதவராய் வாழ்வோர் நம்மிடையே பலர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்தப் பகுதியில் நின்றாலும், சைக்கிளில் ஏறிச் சிறிது தூரஞ் சென்றாற் கடலையோ பரவைக்கடலையோ கண்டுவிடலாம். எனினும், நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் வாடைக்கும் சோளகத்துக்கும் உள்ள வேற்றுமையை அறிவர்? எத்தனை பேர் ஓராவையும் மடவையையும் பார்த்த மாத்திரத்தே பிரித்துச் சொல்வர்? சந்தையிலே வெட்டித் துண்டமாக்கிய மீனையே கண்டு பழகிய கண்களுக்கு, நீரைவிட்டு அப்பொழுதுதான் எழுந்த மீனின் நிறம் தெரியாது. பூகோளப் புத்தகத்திலே பருவக்காற்றின் திசையை அம்புக்குறியால் வரைந்து காட்டும் மாணவன், முற்றத்தில் நின்று முகத்தில் மோதும் காற்று எத்திசையிலிருந்து வருகின்றதென்று கேட்டால் விழிப்பதைக் கல்லூரியிலே நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இக்குறையைப் போக்குதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு கைத்தூண்டில், ஒரு பிடி இறால், ஒரு விடியற்காலை, இவற்றுடன் தாயோ தந்தையோ ஒருவர் துணை, இவ்வளவே போதும். அதுவும் மாரிக்காலத்திலே கரையோரத்தில் தூண்டில் போடுவதற்குப் பிள்ளையை அழைத்துச் செல்வது, கோடை விடுமுறையில் கடற்கரைக்கு உலாவச் செல்வதைப் போன்றதன்று. அது பொறுமையையும், நிதானத்தையும், வேளையறிந்து மீளும் அறிவையும் ஒருங்கே புகட்டும் பள்ளியாகும்.

மாரியும் பரவைக்கடலும்

நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்திலே கடலிற் கலக்கும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்னும் பெயருக்கு உரியது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்து விடுகின்றது. கோடையிலே வெயிலால் வற்றிக் கடலினும் மிகுந்த உப்புடையதாய்க் கிடக்கும் பரவைக்கடல், இம்மழை நீரை ஏற்றுத் தன் உவர்ப்புக் குறைந்து, கலங்கி, குளிர்ந்து, முற்றிலும் வேறொரு நீராகி விடுகின்றது.

நீர் மாறினால் நீரில் வாழ்வனவும் மாறும். பரவைக்கடலின் சேற்றிலும் சாதாளைகளின் இடையிலும் வளர்ந்த இறால்கள், முட்டையிடும் பருவம் நெருங்கும்போது பெருங்கடலை நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றை உண்ணும் மீன்கள் வழியிலே காத்திருக்கின்றன. தாம்போதிகளின் கீழே நீர் பாயும் மதகுகளும் பாலங்களும் இவ்வழியில் உள்ள வாயில்கள். எனவே, மீன் எங்கே நிற்குமென்பதை அறிய விரும்பும் பிள்ளை, முதலில் நீர் எங்கே ஓடுகின்றதென்பதைப் பார்க்கப் பழக வேண்டும்.

கடல் ஏறுவதும் வற்றுவதும் நம் கரைகளிலே பெரிய அளவின அல்ல. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையேயுள்ள உயரம் ஒரு மீற்றருக்கும் குறைந்ததே. ஆயினும், ஆழங் குறைந்த பரவைக்கடலில் ஒரு சாண் நீர் ஏறினாலும் பெரும்பரப்பு நனைந்துவிடும். நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும் இவ்வொழுக்கு, நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். பறுவத்தையும் அமாவாசையையும் அடுத்த நாள்களில் ஏற்றமும் வற்றும் மிகுதியாயிருக்கும். சந்திரனைப் பற்றி வகுப்பிலே படிக்கும் பிள்ளை, சந்திரன் செய்யும் வேலையைக் கரையிலே தன் காலடியில் காணலாம்.

கரைக்கு வரும் மீன்கள்

கரையில் இருந்தபடியே தூண்டிலில் அகப்படும் மீன்களுள் ஓராவுக்கு முதலிடம் அளிக்கலாம். முயலின் வாயையொத்த சிறு வாயுடைய இம்மீன், பாறைகளிலும் கற்களிலும் படர்ந்த பாசியை மேய்ந்து உயிர் வாழ்வது. இரையை விழுங்காது கொறிக்கும் இயல்பினது. ஆதலின், தூண்டில் நூலைப் பிடித்திருப்பவர் விரல் நுனியிலே கருத்தை வைத்திருத்தல் வேண்டும். இதன் முதுகிலே பதின்மூன்று முட்களும், அடிப்புறத்தில் ஏழு முட்களும் உள்ளன. அவை குத்தினால் நஞ்சேறிக் கடுமையாக நோவெடுக்கும். கெளிற்றின் முள்ளும் இத்தகையதே. குத்தப்பட்ட கையைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் நோவு தணியும். அந்நஞ்சு வெப்பத்தினால் வலுக்குறையும் தன்மையுடையது. எனவே, மீனைத் தூண்டிலிலிருந்து விடுவிக்கும் பணியைத் தொடக்கத்திலே பெரியவரே செய்ய வேண்டும்.

கொடுவா கிடைத்தற்கரியது, கிடைத்தாற் பேசிப் பேசி மகிழ்தற்குரியது. குஞ்சுப் பருவத்தை உவர்நீரேரிகளிலும் ஆற்று முகங்களிலும் கழிக்கும் இம்மீன், பெரும்பாலும் முதலில் ஆணாயிருந்து, வயதும் பருமனும் கூடியபின் பெண்ணாக மாறுவது. இச்செய்தியை அறிந்த பிள்ளைகள் வியப்பினால் வாயடைத்துப் போவதை நாம் கண்டிருக்கின்றோம். நீண்ட அலகுடைய முரலைக் கறிக்கு அறுக்கும்போது அதன் முட்கள் பச்சை நிறமாயிருப்பதைக் கண்டு, மீன் பழுதென்று எறிந்துவிட எண்ணும் புதிய இல்லத்தரசியரும் உளர். அது பழுதன்று, அம்மீனின் இயற்கை நிறமே அது. மடவையோ தூண்டிலை எளிதில் நாடாது. அந்தி வேளையிலே நீர்மேல் துள்ளி விழுந்து, பிள்ளைகளை ஏளனஞ் செய்து மறையும்.

தூண்டிலிலே சில வேளைகளில் நீலக்கால் நண்டும் இரையைக் கவ்வியபடி ஏறிவரும். நீல நிறமுடையது ஆண். மங்கிய பசுமையும் கபிலமும் கலந்தது பெண். வயிற்றுப் புறத்து மடிப்பு ஒடுங்கியிருந்தால் ஆணென்றும், அகன்றிருந்தாற் பெண்ணென்றும் அறியலாம். மடிப்பின் கீழே சினையைச் சுமந்திருக்கும் நண்டை மீண்டும் நீரிலே விட்டுவிடுதல் முறை.

கருவிகள்

கடையிலே விற்கும் பளபளப்பான தடியும் சுருளும் பிள்ளைக்குத் தேவையில்லை. முழங்கையளவு பனைமட்டைத் துண்டொன்றிலோ, வெறும் போத்தலொன்றிலோ தங்கூசி நூலைச் சுற்றிக்கொண்டால் அதுவே கைத்தூண்டில். நுனியிலே சிறிய முள். அதற்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டு. இரைக்கு இறால், கணவாய்த் துண்டு, அன்றேல் மண்புழு. ஓராவுக்குப் பிசைந்த பாண் துண்டும் போதும். பிடித்த மீனை இடுவதற்கு ஒரு பனையோலைப் பறி. குடிப்பதற்குத் தண்ணீர், தலைக்குத் தொப்பி, மாற்றுடுப்பு, நனையாதபடி கட்டிய துவாய், இவற்றையும் மறத்தலாகாது.

இந்நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைலோன் என்னும் செயற்கை இழை 1935 இல் அமெரிக்காவிலே ஆக்கப்பட்டது. நம் பாட்டன்மார் பருத்தி நூலையும் சணலையும் முறுக்கித் தூண்டில் கட்டினார்கள். அவை நீரில் ஊறி உக்கிப் போயின. இன்றைய நூலோ பல்லாண்டு சென்றாலும் உக்காது. அறுந்த நூலைக் கரையிலே எறிந்துவிட்டு வந்தால், அது கொக்கின் காலைக் கட்டும். ஆமையின் கழுத்தை இறுக்கும். ஆகையால், கொண்டு சென்ற நூலின் ஒவ்வொரு முழத்தையும் திரும்பக் கொண்டுவருதல் வேண்டுமென்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

பண்ணைக் கரையில் ஒரு காலை

சென்ற தைப்பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை, நாமும் எம் இளைய மகளும் பண்ணைத் தாம்போதிக்குச் சென்றோம். அவளுக்குப் பத்து வயது. மார்கழியிலே திருவெம்பாவைக் காலத்தில் எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. அது முடிந்து பொங்கலும் கழிந்தால் தூண்டிலுக்குப் போகலாமென்று வாக்களித்திருந்தோம். நாள்களை எண்ணிக்கொண்டிருந்த அவள், நாம் எழுப்பு முன்பே எழுந்து, தமையனின் பழைய சட்டையை அணிந்து வாசலில் நின்றாள். "பெட்டைப் பிள்ளைக்கு என்ன தூண்டில்?" என்று அயல் வீட்டு ஆச்சி கேட்டதை அவள் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. நாமும் போட்டுக்கொள்ளவில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது பழமொழி. சைக்கிளின் பின்னே இருந்த பிள்ளையின் பற்கள் கிடுகிடுத்தன. கோட்டையின் மதிலைக் கடந்து தாம்போதியில் ஏறும்போது இருள் முற்றாக நீங்கவில்லை. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையது. 1658 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் விரித்துக் கட்டினர். இச்சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினோம். "அப்பா, இண்டைக்கு விடுமுறை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நிறுத்திவிட்டோம்.

பரவைக்கடல் பால்போல் அசைவின்றிக் கிடந்தது. இரு மருங்கும் சிறகுவலைகளின் தடிகள் வரிசை வரிசையாய் நீருக்கு மேலே தெரிந்தன. பறவை சிறகை விரித்தாற்போல இரு புறமும் நீளும் வலைச்சுவர்கள், நீரோட்டத்துடன் வரும் மீனை வழிகாட்டி நடுவேயுள்ள அடைப்பினுட் செலுத்தி விடுகின்றன. உள்ளே புகுந்த மீன் சுற்றிச் சுற்றி வருமேயன்றி வந்த வழியை அறியாது. நெஞ்சளவு நீரில் நின்று ஒருவர் அவ்வடைப்பிலிருந்து மீனை அள்ளிக் கொண்டிருந்தார். தொலைவிலே ஒரு கூட்டம் பூநாரைகள் வெண்கோடு இழுத்தாற்போல் நின்றன. மாரிதோறும் நம் நீரேரிகளை நாடி வரும் பறவைகளை நூலில் மட்டுமே கண்டிருந்த பிள்ளை, தூண்டிலை மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்துக்கு அண்மையிலே, அலையடிக்காத கற்களுக்கு மேலே இடம் பார்த்து அமர்ந்தோம். ஆறரை மணியளவில் ஞாயிறு எழுந்தது. ஏழு மணியாயிற்று, ஒன்றும் கடிக்கவில்லை. ஏழரையாயிற்று, இரையை நண்டு அரித்துச் சென்றதேயன்றி வேறு பயனில்லை. பிள்ளை முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நூலை இழுத்துப் பார்த்தாள். பின்னர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. பின்னர் இழுப்பதை விட்டுவிட்டு, பள்ளித் தோழியருள் ஒருத்தி தன்னுடன் பேசாதிருப்பதைப் பற்றி எம்மிடம் சொல்லத் தொடங்கினாள். வீட்டிலே ஒரு திங்களாக அவள் முகம் வாடியிருந்ததன் காரணத்தை அப்பொழுதே அறிந்தோம். மேசைக்கு எதிரே இருத்திக் கேட்டபோது வராத சொற்கள், இருவரும் ஒரே திசையில் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாமாக வந்தன. மீன் கடியாத அந்த ஒரு மணி நேரத்தை நாம் வீணென்று கொள்ளமாட்டோம்.

எட்டு மணிக்குப் பின் நீர் ஏறத் தொடங்கியது. பிள்ளையின் நூல் இருமுறை நடுங்கியது. "அவசரப்படாதே" என்று சொல்லி முடிக்குமுன் மூன்றாம் முறை இழுத்தது. அவள் மெல்லக் கையை உயர்த்திச் சீராக இழுத்தாள். கபில நிறத்தில் வெண்புள்ளிகள் நிறைந்த ஓரா ஒன்று, கையகலமுடையது, கல்லின் மேல் வந்து துடித்தது. முட்களைத் தீண்டாதபடி துணியாற் பற்றி விடுவித்துப் பறியிலிட்டோம். பத்து நிமிடத்துக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்றாவது. எம் தூண்டிலிலும் ஒன்று. கூட்டமாக மேய வந்திருக்கின்றன என்பது தெளிவாயிற்று. பிள்ளையின் முகத்திலே குளிருமில்லை, கவலையுமில்லை.

அவ்வேளையிலேதான், வலையை வழித்துவிட்டுக் கரையேறிய முதியவர் எமதருகே நின்றார். பல ஆண்டுகளாக அவ்விடத்திலே எமக்கு முகப்பழக்கமானவர். வடக்கே கையை நீட்டினார். அடிவானத்திலே கரும்பலகையைத் துடைத்தாற்போல ஒரு மங்கல் எழுந்திருந்தது.

"மாஸ்ரர், வடக்கைப் பாருங்கோ. வாடை எழும்பப் போகுது. பிள்ளையோடை இதிலை நிக்காதேங்கோ."

நாம் நூலைச் சுற்றத் தொடங்கினோம். பிள்ளையின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்பா, இப்பத்தானே கடிக்கத் தொடங்கினது! இன்னும் பத்து நிமிசம். ஒண்டு மட்டும்."

அவள் கேட்டது நியாயமே. இரண்டு மணி நேரம் குளிரிலே காத்திருந்தவள் அவள். வானமும் எம் தலைக்கு மேலே தெளிவாகவேயிருந்தது. இன்னும் பத்து நிமிடம் நிற்பதனால் என்ன கெடும் என்று எம் மனமும் ஒரு கணம் எண்ணியது. ஆயினும், கடலோரத்திலே கடலறிந்தவன் சொல்லுக்கு மேலே சொல்லில்லை. "போவோம், மகள்" என்றோம். அவள் எம்மை விட்டு முதியவரிடம் திரும்பினாள்.

"அப்பு, மீன் கடிக்கேக்கை ஏன் போகச் சொல்லுறியள்?"

அவர் சிரிக்கவில்லை, சிறு பிள்ளையென்று தட்டிக் கழிக்கவுமில்லை. பறியைத் தோளிலே மாற்றிக்கொண்டு விடை கூறினார்.

"பிள்ளை, மீன் நாளைக்கும் வரும். கடலுக்குப் போற ஆக்களுக்கு முதல் படிப்பு மீன் பிடிக்கிறது இல்லை, திரும்பி வாறது."

கோட்டைப் பக்கத்துத் தேநீர்க்கடையை நாம் அடையுமுன் காற்று வந்துவிட்டது. பால்போற் கிடந்த நீர் நுரைத்தெழுந்து தாம்போதியின் மேலே தெறித்தது. நாம் இருந்த கற்களை அலைகள் மூடி மூடித் திறந்தன. மழை கடையின் தகரக்கூரையில் அறைந்தது. தேநீர்க் கோப்பையை இரு கையாலும் பிடித்தபடி பிள்ளை வெகுநேரம் அக்கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, நாளைக்குத் தூண்டிலுக்குப் போவோமா என்று அவள் கேட்கவில்லை. முற்றத்தில் நின்று தென்னோலை அசையும் திசையைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, வானொலியிலை காலநிலை சொல்லியாச்சோ?" என்றே கேட்டாள்.

நான்கு மீனும் ஒரு கூழும்

நான்கு ஓராவைக் கொண்டு வீடு நிறைந்த குடும்பத்துக்குக் குழம்பு வைப்பது கடினம். ஆயின், நம் முன்னோர் இக்கணக்கைத் தீர்த்து வைத்திருக்கின்றனர். ஒடியற்கூழ் என்பது பலர் கூடிக் குடிப்பதற்கென்றே பிறந்த உணவு. ஒடியல்மாவைக் கரைத்துக் காறல் நீக்கி, மீனும், இறாலும், நண்டும் கிடைத்த அளவுக்கு இட்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை என்பன சேர்த்து, செத்தல் மிளகாயும் புளியும் கூட்டிக் காய்ச்சினால், மழை நாளின் குளிர் இருந்த இடந்தெரியாது ஓடிவிடும். பிள்ளையின் ஓராக்கள் அதிற் கரைந்து எல்லோர் பிளாவிலும் பங்காயின. "பெட்டைப் பிள்ளைக்கு என்ன தூண்டில்?" என்ற ஆச்சி இரண்டாம் பிளாவுக்குக் கை நீட்டியதை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை.

தான் பிடித்ததைத் தன் குடும்பத்தார் உண்பதைக் காணும் பிள்ளை, உணவு எங்கிருந்து வருகின்றதென்பதையும், அதற்கு ஓர் உயிர் விலையாகின்றதென்பதையும் ஒருங்கே உணர்கின்றது. இவ்வுணர்ச்சி பிள்ளையை வன்னெஞ்சமுடையதாக்கும் என அஞ்ச வேண்டியதில்லை. உண்ணாது எறிவதற்கு மீன் பிடித்தல் தகாது. வேண்டியதற்கு மேற் பிடித்தலும் தகாது. விரலளவு மீன் அகப்பட்டால் நனைந்த கையாற் பற்றி நீரிலே விட்டுவிடுதல் வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்பை உரித்துவிடும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நாகப்பட்டினத்துக் கடற்கரையிலே வாழ்ந்த அதிபத்த நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணங் கூறும். நுளையர் தலைவரான அவர், ஒவ்வொரு நாளும் வலையிற் படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விட்டு வந்தார். வலை வறண்டு, நாளுக்கு ஒரு மீனே கிடைத்த பஞ்சத்திலும் அந்த ஒன்றையும் விட்டார். இறுதியிலே பொன்னும் மணியுமாய் ஒளிர்ந்த மீனையும் விட்டார். பிடிப்பது போலவே விடுவதும் ஓர் ஒழுக்கம் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் சிறந்த வரலாறு உண்டோ?

மூடிக்கிடந்த கரைகள்

இக்காலப் பிள்ளைகளின் தந்தையருட் பலர் தாமே தூண்டில் பிடித்தறியாதவர். அது அவர்தம் குற்றமன்று. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடக்கின் கரைகள் பல மக்களுக்கு மூடப்பட்டுக் கிடந்தன. பரவைக்கடலின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட வலயமாயிருந்தது. கடற்றொழிலாளர்க்கே நேரமும் தூரமும் அளந்து கொடுக்கப்பட்ட நாள்களில், பிள்ளையின் கையைப் பிடித்து விடியற்காலையிலே கரைக்குச் செல்ல எத்தந்தை துணிவான்? பாட்டன் அறிந்த காற்றின் பெயர்களும், மீனின் பெயர்களும், நீரின் குறிப்புகளும் இடையிலே ஒரு தலைமுறைக்கு எட்டாமற் போயின. அவ்வறிவை இன்னும் நெஞ்சிலே வைத்திருப்போர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறியாவிடின், பின்னர் எந்நூலிலே தேடுவது?

மற்றொரு தடையும் உண்டு; அதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். படித்த குடும்பத்தார் தூண்டிலுடன் கரையில் இருப்பது மதிப்புக்குக் குறைவென்று எண்ணும் வழக்கம் நம் சமூகத்திலே இருந்தது. இன்றும் முற்றாக ஒழியவில்லை. இது வெறும் போலி மதிப்பு. வானத்தைப் பார்த்து வாடை வருவதைக் கால் மணி நேரம் முன்னரே சொன்ன அம்முதியவரின் அறிவுக்கு எந்தப் பட்டம் ஈடாகும்? அவரைத் தன் ஆசிரியர்களுள் ஒருவராகப் பிள்ளை மதிக்கப் பழகினால், அதுவே கரையிலிருந்து கொண்டுவரும் மிகப் பெரிய மீன்.

பெற்றோர்க்குச் சில வார்த்தைகள்

மாரிக்கடல் விளையாட்டுக்குரியதன்று. 1964 டிசம்பர் 22 ஆந் திகதியை அடுத்து வீசிய சூறாவளி வட இலங்கையைத் தாக்கி, அக்கரையில் தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சூறையாடியதும் இக்காலத்துக் காற்றே. 2020 டிசம்பரிலும் ஒரு சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வடமாகாணத்தைக் கடந்தது. ஆதலின், காலநிலை அறிவிப்பைக் கேளாது பிள்ளையுடன் கரைக்குச் செல்லலாகாது. எச்சரிக்கை இருக்கும் நாளில், வானம் எவ்வளவு தெளிவாயிருப்பினும் வீட்டிலேயே இருத்தல் வேண்டும்.

பாசி படர்ந்த கல் வழுக்கும். அதன்மேற் பிள்ளையை நிற்கவிடக் கூடாது. கடலுக்கு முதுகுகாட்டி அமர்தல் கூடாது. பரவைக்கடலின் அடியிலே ஆழ்ந்த சேறு உண்டு. ஆழங்குறைவென்று நம்பி இறங்கலாகாது. பிள்ளையை ஒருபோதும் தனியே விட்டு இரை வாங்கவோ தேநீர் அருந்தவோ செல்லலாகாது. 2004 டிசம்பர் 26 இல் வடமராட்சி கிழக்குக் கரை கண்ட துயரை நாம் மறக்கவில்லை. கடல் திடீரென உள்வாங்குமாயின், மீனையும் பறியையும் போட்டுவிட்டு மேட்டை நோக்கி ஓட வேண்டுமென்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வளவு அச்சங்களையும் சொல்லிவிட்டு அழைக்கலாமா என்று சிலர் வினவக்கூடும். அழைக்கலாம். அச்சத்தை அறிந்து, அதன் எல்லையை அறிந்து, அதற்குள்ளே மகிழ்ச்சியைத் தேடுவதற்குப் பழக்குவதே கல்வி. கடலை அறியாத பிள்ளைக்குக் கடல் முழுவதும் ஆபத்து. அறிந்த பிள்ளைக்கோ எங்கே நிற்கலாம், எப்பொழுது மீள வேண்டும் என்பது தெரியும்.

வருகின்ற மாரியிலே, மழை ஓய்ந்த ஒரு விடுமுறை நாளைத் தெரிந்தெடுங்கள். தொலைபேசியை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்று சொல்லமாட்டோம். அவசரத்துக்கு அது வேண்டும். அதைச் சட்டைப்பையிலே வைத்திருங்கள், அது போதும். மகனாயினும் மகளாயினும் ஒரு கைத்தூண்டிலைக் கொடுத்து அருகில் இருத்துங்கள். மீன் கடித்தால் மகிழுங்கள். கடியாவிட்டால், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.